முதலில் அறை, பிறகு பெட்டி: ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மகனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

தம்பிக்கு மாக்டபுர்க் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டது, இந்தியப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வந்துவிட்டது, வங்கிக் கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது, விசாவுக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. அக்டோபரில் வகுப்பு தொடங்கும் முன் இன்னும் இரண்டு மாதம்தான் கையில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பெட்டியைப் பற்றியே இருக்கிறது. எத்தனை கிலோ, என்னென்ன பொடி, எத்தனை ஸ்வெட்டர். தங்குமிடம் பற்றி ஒரே ஒரு வரி: "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள்."

அந்த ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஜெர்மனியில் தங்குமிடம் என்பது தலைசாய்க்க ஓர் இடம் மட்டுமல்ல. மற்ற எல்லாக் காகிதத்துக்கும் அதுதான் ஆணிவேர். வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதை 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு, "இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பல வங்கிகள் கணக்கு தொடங்க அந்தப் பதிவுச் சான்றைக் கேட்கும். வங்கிக் கணக்கு இருந்தால்தான் நீங்கள் இங்கிருந்து கட்டிய பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதம் இவ்வளவு என்று மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) பணம் மாதாமாதம் கைக்கு வரும். விசாவும் சில மாதங்களுக்குத்தான் தருவார்கள்; அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி வாங்க வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி முகவரிதான். நண்பனின் அறையில் பத்து நாள், ஹாஸ்டலில் ஐந்து நாள் என்று ஓட்டிவிடலாம் என்று போகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நண்பனின் அறையில் படுக்கலாம், பதிவு செய்ய முடியாது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடமாட்டார்.

அங்கே மாணவர் விடுதிகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை. 'ஸ்டூடன்டென்வெர்க்' என்ற தனி அமைப்பு நடத்துகிறது. படிக்க இடம் கிடைத்தால் தங்கவும் இடம் கிடைத்துவிட்டது என்று நம் ஊர் ஹாஸ்டல் கணக்கில் நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். தம்பி இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இன்றைக்கே செய்யட்டும். நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்து ஆளுக்கொரு அறையில் இருக்கும் 'வே.கே.' முறையும் உண்டு. அதில் ஏற்கெனவே இருப்பவர்கள் வீடியோ காலில் பேசிப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள். "ஐ ஆம் சின்சியர் அண்ட் ஹார்ட்வொர்க்கிங்" என்று ரெஸ்யூமே பாணியில் எழுதினால் பதில் வராது. என்ன சமைப்பான், சமையலறையைத் துடைத்து வைப்பானா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குவான் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். நான்கு வரி ஜெர்மனில் எழுதினால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும், போட்டோவில் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், அது மோசடி. ஒப்பந்தம் கைக்கு வராமல், நேரிலோ நேரலையிலோ அறையைப் பார்க்காமல் ஒரு யூரோவும் போகக் கூடாது. விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருக்கும் வாடகையில் ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராது. 'வார்ம்' என்றால் அவையும் சேர்ந்தது. அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத 'கால்ட்' வாடகைதான், அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். நம் ஊர் பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய நமக்கு இது நிம்மதி.

பணக் கணக்கில் பெற்றோர் பலரும் சறுக்குவது முதல் மாதத்தில்தான். பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ, அதாவது நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம், போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று நினைப்பீர்கள். அது மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதுவும் அங்கே கணக்கு தொடங்கிய பிறகு. அட்வான்ஸ், முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம், மெத்தை, போர்வை, பாத்திரம் எல்லாம் வரிசைகட்டி நிற்பது அதற்கு முன்பு. 1,500 முதல் 2,000 யூரோ வரை ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக இருக்கட்டும். கடன் தொகையை முழுக்க பிளாக்டு அக்கவுண்டிலேயே தள்ளிவிட்டு, முதல் மாதம் இங்கே நகையை அடகு வைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லமாட்டார்கள். தபால்பெட்டியில் தம்பியின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அறை எண் போட்டு அங்கே தபால் வராது; பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கிக் கார்டு, அதற்கான ரகசிய எண், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். சாவி வாங்கிய அன்றைக்கே, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில், ஒரு துண்டுத்தாளிலாவது பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். இனிஷியலை விரித்து அப்பா பெயர் ஒரு பக்கம், தன் பெயர் ஒரு பக்கம் என்று நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட் இருக்கும் லட்சணத்தில், இரண்டு பெயரையும் எழுதுவதே உத்தமம். பதிவு முடிந்த கொஞ்ச நாளில் மாதம் 18.36 யூரோ வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். "எங்களிடம் டிவியே இல்லை, இது ஏமாற்று" என்று கிழித்துப் போட வேண்டாம். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று என்று கட்டியே ஆக வேண்டும். நான்கு பேர் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். நெய், பால்கோவா, கறி ஊறுகாய் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள், பொடியாக்கிக் கொடுங்கள். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வற்றல், சாம்பார்த்தூள் தாராளமாகப் போகட்டும். அரிசி, பருப்பு சுமக்க வேண்டாம். 1980களில் போய்க் குடியேறிய ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகள் ஜெர்மனியின் பெரிய நகரங்களில் உண்டு. ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியதுதான். மாக்டபுர்க்கிலிருந்து அது தூரம். ஆனால் பெர்லின் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள்.

குக்கர் வாங்கினால் இண்டக்‌ஷன் அடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அங்கே கேஸ் அடுப்பு அரிது. மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான், சின்ன மிக்ஸி ஓடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இரவு பத்து மணிக்கு மேலும் மிக்ஸி போட்டால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கி வைக்கும் பழக்கம் வர வேண்டும். கனத்த குளிர்கோட்டு இங்கே வாங்காதீர்கள். ஒரு நடுத்தர ஜாக்கெட்டோடு போய் அங்கே வாங்கட்டும். கண்ணாடி போடுகிறவன் என்றால் இரண்டு ஜோடி. சொத்தைப் பல் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே அடைத்துவிடுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அவனைச் சமைக்க விடுவது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்க வேண்டும். தாளிப்பு. ஒவ்வொரு அறையிலும் புகை உணரும் கருவி இருக்கும். எண்ணெய் புகையும் வரை காயவிட்டுக் கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டால், சில விடுதிகளில் மொத்தக் கட்டடமும் அலறும். தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் அதற்கான பில்லும் தலையில் விழலாம். ஜன்னலைத் திறந்துவைத்து, மிதமான சூட்டில், மூடி போட்டுத் தாளிக்கட்டும். குளிர்காலத்திலும் தினமும் ஐந்து நிமிடமாவது ஜன்னலை முழுசாகத் திறந்து காற்று விட வேண்டும். சோற்று ஆவி சுவரில் படிந்து பூஞ்சை பிடித்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

"காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் என்பதால் அரசு சார்ந்த இன்சூரன்ஸ் கிடைக்கும்; மாதம் சுமார் 150 யூரோ. அது பல்கலைக்கழகப் பதிவோடுதான் தொடங்கும் என்பதால் இடைப்பட்ட நாட்களுக்கு டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரை, உடம்பு நன்றாக இருக்கும்போதே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று போனால் "ஓய்வெடு, டீ குடி" என்று அனுப்பிவிடுவார்; ஊசியும் போடமாட்டார், ஆன்டிபயாட்டிக்கும் எழுதமாட்டார். அது அலட்சியம் அல்ல, அங்கத்திய வைத்திய முறை. மருந்துச்சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் எந்தக் கடையிலும் கிடைக்காது. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்கு, டாக்டர் சீட்டோடு. கிளினிக்குகள் மூடிய நேரத்தில் 116117, உயிர்போகிற அவசரத்துக்கு 112 என்ற எண்களை அழைக்கட்டும்.

குளிரைவிட இருட்டுதான் பிள்ளைகளை அசைத்துப் பார்க்கும். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும், மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நவம்பர் கடைசியில் "எனக்கு இங்கே பிடிக்கவில்லை" என்று போன் வந்தால் உடனே டிக்கெட் போடாதீர்கள், திட்டவும் வேண்டாம். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் குறைந்த கட்டணத்தில் பேட்மின்டன் முதல் நீச்சல் வரை உண்டு. செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒன்றில் சேரச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள், மழுப்பவில்லை. கிழக்கு ஜெர்மனியில் வெளிநாட்டவர்மீது கசப்பு கொண்ட அரசியலுக்கு ஆதரவு அதிகம். 2024 டிசம்பரில் மாக்டபுர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் கார் மோதி உயிர்கள் போன பிறகு அங்கே அந்தக் கசப்பு கூடியது. அதே ஊரில்தான் பெருந்தொகை இந்திய மாணவர்கள் படித்துமுடித்து வேலைக்கும் போகிறார்கள். குடித்துவிட்டு நிற்கும் கும்பலிடமிருந்து விலகிப் போவது, யாராவது திட்டினால் பதில் பேசாமல் நகர்வது, கை வைத்தால் உடனே போலீஸ் எண் 110-ஐ அழைப்பது. இதைத் தம்பியிடம் ஒரு முறை நிதானமாகச் சொல்லுங்கள், தினமும் அல்ல.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது கடன் பற்றி. இரண்டு வருடப் படிப்பு என்று போட்டிருக்கும். பலருக்கு இரண்டரை, மூன்று வருடம் ஆகும். அங்கே அது தோல்வி அல்ல. ஆனால் வங்கிக்கு அது தெரியாது. தவணை எப்போது தொடங்குகிறது என்று சாங்ஷன் லெட்டரில் இப்போதே பாருங்கள். பகுதிநேர வேலையில் கடன் அடைப்பான் என்று கணக்குப் போடாதீர்கள். மாணவர் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். அதில் கைச்செலவு ஓடும், அவ்வளவுதான். ஒரே பாடத் தேர்வைப் பெரும்பாலும் மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போய்விடும். அதனால் முதல் செமஸ்டரில் கிடங்கு வேலைக்கு ஓடுவது நல்லதல்ல. ஆங்கிலத்தில் படிப்பு நடந்தாலும் வேலைக்கு ஜெர்மன் வேண்டும். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருவார்கள். அப்போது ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலைகூட இல்லாமல் நிற்பவர்கள்தான் திணறுகிறார்கள். ஜெர்மன் மொழி சொல்லித்தரும் சென்னை கோத்தே நிலையத்தில் ஆன்லைன் வகுப்பு உண்டு, கிளம்பும்வரை நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்புறம், அங்கே மதிப்பெண் தலைகீழ்: 1.0 தான் முதல் தரம், 4.0 பாஸ். மகன் "1.3 வாங்கினேன்" என்று சொன்னால் பதறாமல் கேசரி கிண்டுங்கள்.

அவனுடைய இந்திய சிம்மை ரத்து செய்ய வேண்டாம். வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும். ரோமிங் போட்டுக் குறைந்த பிளானில் உயிரோடு வைத்திருங்கள். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி வித்தியாசம். போன் எடுக்கவில்லை என்றால் வகுப்பில் இருக்கிறான் என்று முதலில் நினையுங்கள். அறைத்தோழர் ஒருவரின் எண் உங்களிடம் இருக்கட்டும். ஒரு முழுநாள் தகவலே இல்லை என்றால் மட்டும் அதைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, தவறாக நினைக்காதீர்கள். விண்ணப்பம் கன்சல்டன்சி போட்டது, வங்கிக்கு அப்பா அலைந்தார், எனக்கு நீங்கள் எழுதினீர்கள். அங்கே நகர அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்காரப்போவது அவன் மட்டும்தான். ஸ்டூடன்டென்வெர்க் விண்ணப்பம், இன்சூரன்ஸ், ரயில் டிக்கெட் மூன்றையும் அவனே போடட்டும். தப்பானால் அவனே திருத்தட்டும். வாடகை ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன் எனக்கு ஒரு பார்வைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த மெயில் தம்பியிடமிருந்து வரட்டும்.