ஹபிள் போன்ற பழைய விண்வெளித் தொலைநோக்கிகளை ஆள் அனுப்பிச் சரிசெய்ய முடியாதா? பூமிக்குத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன?

சரிசெய்ய முடியும். 1993 முதல் 2009 வரை ஹபிளுக்கு மட்டும் ஐந்து முறை ஆள் போய் வேலை பார்த்திருக்கிறார்கள். திரும்பக் கொண்டுவருவதற்குத்தான் இன்று வண்டி இல்லை. பதினோரு டன்னுக்கு மேல் எடையும் 13 மீட்டர் நீளமும் உள்ள ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு தரையிறங்க அமெரிக்காவின் விண்ணோடங்களால் (ஸ்பேஸ் ஷட்டில்) மட்டுமே முடிந்தது. அவை 2011 ஜூலையோடு ஓய்வு பெற்றுவிட்டன.

நான் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன். விண்வெளிப் பொறியாளன் அல்லன். ஆனால் உயரத்தில் நிற்கும் பழைய இயந்திரத்தைப் பிரித்து மாட்டுவது என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். இங்கே 1990களில் நிறுவிய சிறிய காற்றாலைகள் இன்னும் ஓடுகின்றன. ஆனி, ஆடிக் காற்றில் அவற்றை நிறுத்த எந்த முதலாளிக்கும் மனம் வராது. பெரிய வேலைகளெல்லாம் காற்று அடங்கிய மாதங்களில்தான். கயிறு கட்டாத ஸ்பானரை மேலே எடுத்துப்போக விடமாட்டார்கள். ஏறிப் போனதும் நாங்கள் முதலில் பார்ப்பது பழுதை அல்ல, அந்தப் போல்ட்டின் தலைக்கு ஸ்பானர் நுழைய இடம் இருக்கிறதா என்பதை. இடம் விட்டு வடிவமைத்தவரை வாழ்த்துவோம். விடாதவரைப் பற்றி மேலே பேசிக்கொள்வதை இங்கே எழுத முடியாது.

ஹபிளை வடிவமைத்தவர்கள் இடம் விட்டவர்கள். வெளிப்புறம் முழுக்கக் கைப்பிடிகள், திறக்கக்கூடிய கதவுகள், இழுத்து வெளியே எடுத்துப் புதியதை உள்ளே தள்ளும்படி தனித்தனிப் பெட்டிகளாகக் கருவிகள். 1990 ஏப்ரலில் மேலே போனதும், 2.4 மீட்டர் அகல முதன்மைக் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. படங்கள் மங்கலாக வந்தன. கண்ணாடியை மாற்ற வழியே இல்லை. ஆனால் கருவிகளை மாற்றலாம் என்பதால், 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் போனவர்கள் அந்தக் குறையை ஈடுகட்டும் ஒளியியலோடு புதிய கேமராவையும் ஒரு திருத்தக் கருவியையும் பொருத்தினார்கள். அதே பயணத்தில், தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் சுழல்காட்டிகளை (ஜைரோஸ்கோப்) மாற்றிவிட்டு மூடப்போனால் பெட்டியின் இரட்டைக் கதவு பொருந்தவில்லை. வெயிலிலும் குளிரிலும் உலோகம் நெளிந்திருந்தது. ஸ்டோரி மஸ்கிரேவும் ஜெஃப்ரி ஹாஃப்மனும் ஒரு இழுப்புப் பட்டையை மாட்டி இறுக்கித்தான் அதை மூடினார்கள். எங்கள் வேலையாட்கள் யாரிடம் சொன்னாலும் சிரித்துவிட்டு, 'அதானே' என்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2009 மே மாதத்துக் கதை. ஹபிளில் இருந்த, ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு நிறமாலைக் கருவி 2004இல் மின்சுற்றுக் கோளாறால் நின்றுபோயிருந்தது. கருவியை முழுதாக மாற்றலாம். ஆனால் அதன் உள்ளே இருக்கும் ஒரு சுற்றட்டையை விண்வெளியில் மாற்ற வேண்டும் என்று யாரும் நினைத்து வடிவமைக்கவில்லை. மூடியில் 111 சிறு திருகாணிகள். ஒன்று கழன்று மிதந்து தொலைநோக்கிக்குள் போனாலும் ஆபத்து. அதற்காகவே துளைகள் உள்ள ஒரு தகட்டை மூடியின்மேல் பொருத்தி, கழற்றும் ஒவ்வொரு திருகாணியும் அதற்குள்ளேயே சிக்கி நிற்கும்படி செய்தார்கள். இத்தனை யோசித்தும் மாட்டிக்கொண்ட இடம் வேறு. வழியை மறைத்துக்கொண்டிருந்த ஒரு கைப்பிடியை முதலில் கழற்ற வேண்டும். அதன் நான்கு போல்ட்டுகளில் ஒன்றின் தலை தேய்ந்து, கருவி பிடிக்காமல் வெறுமனே சுற்றியது. கீழே இருந்த பொறியாளர்கள் அதே மாதிரிக் கைப்பிடி ஒன்றை இழுத்துப் பார்த்து, பலத்தைப் பிரயோகித்தால் பிய்ந்து வரும் என்று சொன்னார்கள். மைக் மாசிமினோ துண்டுகள் சிதறாமல் இருக்க டேப் ஒட்டிவிட்டு, கையால் ஆட்டிப் பிய்த்தே எடுத்தார். அதற்குப் பிறகுதான் 111 திருகாணிகள். கருவி மறுபடி உயிர் பெற்றது.

மற்றப் பெரும்பாலான தொலைநோக்கிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. காம்ப்டன் காமாக்கதிர் ஆய்வகத்தில் ஒரு சுழல்காட்டி பழுதானதும், 2000 ஜூனில் அதைக் கட்டுப்பாட்டோடு பசிபிக் கடலில் விழச் செய்துவிட்டார்கள். சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியின் நீள்வட்டப் பாதை ஒரு லட்சம் கிலோமீட்டரையும் தாண்டிப் போகிறது. ஜேம்ஸ் வெப் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கெல்லாம் போய்வர ஆள் செல்லும் கலம் கிடையாது.

ஹபிளுக்குப் போவதும் எளிதல்ல. 2003இல் கொலம்பியா விபத்தில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்ட பிறகு, கடைசிப் பழுதுபார்ப்புப் பயணத்தை 2004இல் நாசா ரத்தே செய்தது. ஹபிளின் பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 பாகை சாய்ந்தது, சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதை 51.6 பாகை. ஓடத்துக்கு ஏதேனும் ஆனால் நிலையத்தில் ஒதுங்க வழியில்லை. 2006இல் முடிவை மாற்றிய பிறகும், 2009இல் அட்லாண்டிஸ் கிளம்பும்போது மீட்புக்கென எண்டெவரை இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்தி வைத்தார்கள்.

இந்தச் சாய்வால் நமக்கு ஒரு லாபம் உண்டு. லண்டனில் இருப்பவர்கள் தலைகீழாக நின்றாலும் ஹபிளைப் பார்க்க முடியாது. நமக்கோ தலைக்கு மேலேயே போகும். சங்குத்துறைக் கடற்கரையிலோ முட்டத்துப் பாறையிலோ அந்தி நேரத்தில், கடந்துபோகும் நேரம் தெரிந்து நின்றால், மினுக்காத ஒரு புள்ளி மேற்கிலிருந்து கிழக்கே போவதைக் காணலாம்.

2022இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமும் நாசாவும் ஆள் செல்லும் டிராகன் கலத்தால், உயரம் குறைந்துவரும் ஹபிளை மேலே உயர்த்த முடியுமா என்று ஆராய ஒப்பந்தம் போட்டன. 2024 ஜூனில் இப்போதைக்கு வேண்டாம் என்று நாசா சொல்லிவிட்டது. எனக்கு அது சரியாகவே படுகிறது. விண்ணோடத்தில் இயந்திரக் கை இருந்தது, கலத்தின் காற்று போகாமல் ஆள் வெளியேறக் காற்றுப்பூட்டு அறை இருந்தது, ஹபிளை நிறுத்தி வைக்கும் மேடை இருந்தது. டிராகனில் இவை எதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் அதிலிருந்து விண்வெளி நடை நடந்தது உண்மைதான். ஆனால் கலம் முழுவதிலும் காற்றை வெளியேற்றிவிட்டு, வாசலில் கம்பியைப் பிடித்து நின்றதோடு சரி. கிரேனும் மேடையும் இல்லாமல் கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் நான் ஏறமாட்டேன்.

திரும்பக் கொண்டுவந்த வரலாறும் இருக்கிறது. 1984 நவம்பரில் பாதை தவறிய இரண்டு தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களை டிஸ்கவரி விண்ணோடம் கீழே கொண்டுவந்தது. அதில் ஒன்றுக்குக் கொண்டுபோன பிடிப்புச் சட்டம் பொருந்தாததால், ஜோ ஆலன் அதைக் கையிலேயே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஹபிளையும் ஒருநாள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தது. கழற்றிய பழைய கேமரா, திருத்தக் கருவி போன்ற பாகங்கள்தான் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இனி மிச்சம் இருக்கும் பெரிய கேள்வி ஹபிள் எங்கே விழும் என்பதே. ஹபிளுக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. மேல்வளிமண்டலத்தின் உராய்வில் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. சூரியச் செயல்பாடு கூடினால் இன்னும் வேகமாக. சுழல்காட்டிகளும் பழுதாகிவிட்டதால் 2024 ஜூன் முதல் ஒரே ஒரு சுழல்காட்டியை வைத்து ஓடுகிறது. நல்லவேளை, 2009இல் போனவர்கள் அதன் அடிப்பகுதியில் ஒரு பிடிவளையத்தை மாட்டிவிட்டு வந்தார்கள். அதைப் பிடித்து உயர்த்தவோ, கடலில் விழும்படி தள்ளவோ ஆளில்லா இழுவைக் கலம் போதும். ஒரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோளை ஆளில்லாக் கலம் இப்படிப் பிடித்து நகர்த்துவது 2020லேயே நடந்துவிட்டது. பிடிக்க எந்த ஏற்பாடும் இல்லாத ஸ்விஃப்ட் தொலைநோக்கியைக்கூட உயர்த்திப் பார்க்க 2025இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது நாசா.

இந்தியா செய்யுமா என்றும் சிலர் கேட்பார்கள். நம் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட் 2015 முதல் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. இந்தியா ஆள் அனுப்பவிருக்கும் ககன்யான் திட்டமிடப்பட்டிருப்பது 400 கிலோமீட்டருக்கு. எங்கள் மலைக்கு அந்தப்பக்கம் மகேந்திரகிரியில் அதற்கான எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். ஆள் அனுப்பிப் பழுதுபார்ப்பதெல்லாம் வெகுதூரம். ஆனால் 2025 ஜனவரியில் இந்தியாவின் ஸ்பேடெக்ஸ் சோதனைக் கலங்கள் இரண்டும் விண்வெளியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அடுத்து வரும் இந்தியத் தொலைநோக்கியின் வரைபடத்தில் ஒரு பிடிவளையத்துக்கு இடம் விட்டால் போதும், பிடிக்கப் போகும் கலத்தைப் பிறகு சாவகாசமாகக் கட்டிக்கொள்ளலாம்.