லேசர் பாயிண்டரும் கிராஃபீன் ப்ராஜெக்டும்

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஒளியைப் பாய்ச்சி கிராஃபீனை டோப்பாலஜி பொருளாக மாற்றுவதை ப்ராஜெக்டாக எடுக்க ஆசை. செலோடேப்பால் உரித்த கிராஃபீனும் கல்லூரியில் உள்ள 5 மில்லிவாட் சிவப்பு லேசரும் போதுமா? — ஒரு வாசகி

ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனை உரிப்பதில் சிக்கல் இல்லை. 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் டேப்பில்தான் உரித்தார்கள். இடிப்பது லேசர்தான்.

கிராஃபீனில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய இரண்டு ஆற்றல் பட்டைகள், டிராக் புள்ளிகள் என்ற இரண்டு இடங்களில் தொட்டுக்கொண்டிருக்கும். மின்புலம் செக்கு மாதிரி சுற்றும் ஒளி, அதாவது வட்டத் தளவிளைவு ஒளி, அங்கே பட்டைகளைப் பிளக்கும் என்று ஓகாவும் ஆவோகியும் 2009-ல் கணித்தார்கள். பிளந்தபின் தாளின் நடுவே மின்னோட்டம் நின்று, வயலில் வரப்போரமாக ஓடும் தண்ணீர் மாதிரி விளிம்பில் ஒரே திசையில் மட்டும் ஓடும்; இதுதான் டோப்பாலஜி பொருள். ஒளியின் சுழற்சியை மாற்றினால் ஓட்டமும் திரும்பும்.

பிளவு தோராயமாக மின்புலத்தின் இருமடிக்கு நேர்விகிதம், அதிர்வெண்ணின் மும்மடிக்கு எதிர்விகிதம். 2020-ல் ஹாம்பர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இதைச் செய்துகாட்டியவர்கள் பயன்படுத்தியது அகச்சிவப்புத் துடிப்பு: நீளம் அரை பிக்கோவிநாடி, மின்புலம் மீட்டருக்குச் சில கோடி வோல்ட். உங்கள் லேசர் 2 மி.மீ. புள்ளியில் தருவது ஆயிரம் வோல்ட் சொச்சம். அதிர்வெண்ணோ பத்து மடங்கு கூடுதல். கணக்குப் போட்டால் உங்கள் பிளவு அவர்களுடையதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. லென்ஸால் 2 மைக்ரானுக்குக் குவித்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்.

சரி, லேப்டாப்பில் செய்யுங்கள். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நல்ல ப்ராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஒற்றை அடுக்கு. போரான் நைட்ரைடு மேல் வைத்த கிராஃபீனில் பட்டைகளுக்கு நடுவே ஏற்கெனவே ஓர் இடைவெளி உண்டு. அது இரண்டு டிராக் புள்ளிகளின் பங்கையும் ஒன்றையொன்று ரத்துசெய்ய வைக்கும். ஒளி தரும் பங்கு இரண்டிலும் ஒரே குறி. ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு புள்ளியில் இடைவெளி மூடித் திறக்கும். அங்கே செர்ன் எண், அதாவது விளிம்பில் ஒரே திசையில் ஓடும் பாதைகளின் எண்ணிக்கை, 0-லிருந்து 1-க்குத் தாவும். அதை எண்ண ஃபுகுய், ஹட்சுகாய், சுசுகியின் 2005 கட்ட முறை போதும்.

அப்புறம் இரட்டை அடுக்கு. அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு சுமார் 0.4 எலக்ட்ரான் வோல்ட். ஒரு ஃபோட்டானின் ஆற்றலும் அதை நெருங்கினால் மேலே சொன்ன இருமடி-மும்மடிக் குறுக்குவழிச் சூத்திரம் காலை வாரிவிடும். விடை அசையாமல் நிற்கும்வரை ஃப்ளோகே கட்டங்களை, அதாவது ஒவ்வொரு ஃபோட்டான் ஆற்றல் தள்ளி வரும் பட்டைகளின் நகல்களை, சேர்க்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை 1.1 டிகிரி திருகி வைத்த அடுக்கு வேண்டவே வேண்டாம்: திரும்பத் திரும்ப வரும் ஒரு கூட்டில் பத்தாயிரத்துக்கு மேல் அணுக்கள்.

வைவாவில், 'ஹாம்பர்க்கில் அளந்த ஹால் மின்னோட்டத்தை (கொடுத்த மின்னழுத்தத்துக்குக் குறுக்கே ஓடுவது) செர்ன் எண்ணை மட்டும் வைத்து விளக்கலாமா?' என்று கேட்கலாம். முடியாது, ஒளி பட்டையைப் பிளப்பதோடு எலக்ட்ரான்களை மேல் பட்டைக்கும் தூக்கிவிடுகிறது, அந்தச் சமமற்ற நிரப்பலுக்கும் பெரிய பங்கு உண்டு. கல்லூரி லேசரை ஒரு போலராய்டு, ஒரு கால் அலைத் தகடு வழியாக விட்டு வட்டத் தளவிளைவைக் காட்டுங்கள். முதல் அத்தியாயத்துக்கு ஆகும்.