கடைத் திருட்டு: யாரை மறிக்கலாம், எங்கே நிறுத்தலாம்? – வாசகர் கேள்வி பதில்

வெள்ளவத்தை, மினி சுப்பர் மார்க்கெட் முகாமையாளர்: பால்மா பக்கெற்றைப் பைக்குள் போட்டவரை எங்கள் பையன் வாசலில் மறித்தான். அவர் தள்ளிவிட்டு காலி வீதிக்குக் குறுக்கே ஓட, இவனும் பின்னால் ஓடிவிட்டான். கடையில் இதற்கென்று விதி எதுவும் இல்லை. எப்படி எழுதுவது?

முதல் வரியை இப்படி எழுதுங்கள்: வாசற்படிக்கு வெளியே எந்த ஊழியரும் துரத்தக் கூடாது. பால்மா பக்கெற் ஆயிரம் ரூபா சொச்சம். காலி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்த பையனுக்கு ஏதும் ஆகியிருந்தால் என்ன விலை சொல்வீர்கள்?

அடுத்தது, எப்போது பேசலாம் என்பது. சாமானை எடுத்ததையும், ஒளித்ததையும், பணம் கட்டாமல் கஷியரைக் கடந்ததையும் ஒரே ஆள் இடையில் பார்வை விடாமல் கண்டிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கெட்ட எண்ணத்தோடு பொருளை அசைத்தாலே தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவின்படி திருட்டுத்தான். ஆனால் ராக்கைக்குப் பக்கத்தில் நிற்பவரின் எண்ணத்தை எப்படி நிரூபிப்பீர்கள்? அதனால்தான் கஷியரைக் கடக்கும்வரை பொறுக்கச் சொல்கிறேன்.

மறிப்பதற்கும் முறை உண்டு. இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் சாட்சியாக நிற்பார். நேர் முன்னால் நின்று வழியை அடைக்காமல், பக்கவாட்டில், இரண்டு கை தூரம் விட்டு நில்லுங்கள். “அக்கா, பில்லில ஒண்டு விடுபட்டிட்டுது போல, ஒருக்கா பார்ப்பமா?” இவ்வளவுதான் பேச்சு. ‘கள்ளன்’, ‘களவு’ என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. மறுத்தால் போக விட்டு, நேரம், உடுப்பு, முச்சக்கரவண்டி இலக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு 119க்கு அழையுங்கள். கை மட்டும் வைக்காதீர்கள்.

அதே முகாமையாளர்: ஆளைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் குறுகிய இடம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் பொலிஸ் கைது செய்யக்கூடிய குற்றம் தன் கண்முன்னே நடந்தால் தனியாளும் பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவரைத் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். ‘முதலாளி வரட்டும்’ என்று ஸ்டோர் அறையில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தால் அதற்குப் பெயர் சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், குற்றவாளி நீங்கள். கை நீட்டினால் இன்னும் மோசம். 2023இல் பொரளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் திருடியதாகச் சந்தேகித்த பெண்ணைத் தாக்கியதற்காகக் கைதானவர்கள் அந்தக் கடை ஊழியர்கள்தான்.

கொட்டாஞ்சேனை: நேற்று எடுத்தவரை இன்று கமராவில் பார்த்தோம். நாளை வந்தால் பிடிக்கலாமா?

கூடாது. உங்கள் கண்முன்னே நடக்கவில்லை. பதிவோடு பொலிஸுக்குப் போங்கள். அவர் மறுபடி வந்தால் பக்கத்தில் ஒருவர் நின்று “என்ன வேணும் அண்ணா, எடுத்துத் தரட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பெரும்பாலானோர் வெறுங்கையோடு போய்விடுவார்கள்.

மட்டக்குளி: என் கடையில் தொடர்ந்து களவு போகிறது. உடனே வழி சொல்லவும்.

என்ன கடை, எத்தனை ஊழியர், எந்தச் சாமான், எந்த நேரம் என்று ஒன்றுமே எழுதவில்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

புறக்கோட்டை மொத்த வியாபாரி: பிடிபட்டவரிடம் பொலிஸுக்குப் போகாமல் விலையின் பத்து மடங்கு அபராதம் வாங்குகிறோம். சரிதானே?

சரியில்லை. ‘காசு தராவிட்டால் பொலிஸ்’ என்று மிரட்டி வாங்கினால் கப்பம் வாங்கிய வழக்கு உங்கள்மேல் வரும். சாமானைத் திருப்பி வாங்கலாம், அல்லது அவராக விரும்பினால் விலைக்கே பில் போடலாம். அதற்கு மேல் ஒரு ரூபாவும் வேண்டாம்.

பம்பலப்பிட்டி, புடவைக்கடை சேல்ஸ் பெண்: எங்கள் பிரிவில் உடுப்புக் குறைந்தால் நாலு பேர் சம்பளத்திலும் பிரித்து வெட்டுகிறார்கள். அதற்குப் பயந்து சந்தேகம் வந்தவர்களின் பையைப் பார்க்கிறோம். ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். மெனேஜர் எங்களைத்தான் ஏசினார். நாங்கள் என்ன செய்வது?

மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஈ.பி.எஃப்.க்கு 8 வீதம் பிடிப்பது முறையானது. யாரோ ஒருவர் எடுத்துப் போன சல்வாரின் விலையை நாலு பிள்ளைகளின் தலையில் பங்குபோடுவது எந்தக் கணக்கிலும் சேராது. சம்பளத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். துண்டு தராவிட்டால் திகதி, வெட்டிய தொகை, யார் சொன்னது என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். சம்பளம் வங்கிக்கு வருவதென்றால் அந்தப் பதிவே சாட்சி. இவற்றோடு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

இனி முதலாளிமாருக்கு. ஸ்டொக் குறைவதெல்லாம் வாடிக்கையாளர் திருட்டு என்று யார் சொன்னது? சப்ளையர் 48 என்று பில் போட்டு 46 இறக்கியிருப்பார். மாற்றிக் கொடுத்த உடுப்பைக் கணக்கில் திரும்ப ஏற்றியிருக்க மாட்டார்கள். ஒரே பார்கோட்டை இரண்டு நிறத்துக்கும் அடித்திருப்பார்கள். கறை பட்டதை எழுதாமல் ஒதுக்கியிருப்பார்கள். இவற்றைக் கழித்துப் பார்க்காமல் சம்பளத்தில் வெட்டுவது சோம்பேறித்தனம்.

அதோடு நட்டமும் கூடும். சம்பளம் வெட்டுப்படும் என்றால் களவைக் கண்ட பிள்ளையும் சொல்லாது. எந்த நேரத்தில், எந்த ராக்கையில் போகிறது என்ற தகவல் உங்களுக்கு வராது. இல்லையென்றால் பயத்தில் பையைப் பிடித்து இழுக்கும், வீதிக்கு ஓடும், அடிவாங்கும். ‘யாரிலும் கை வைக்காதே’ என்று சுவரில் ஒட்டிவிட்டு மாத முடிவில் சம்பளத்தில் கை வைத்தால், அந்தப் பிள்ளை எந்த விதியைப் பின்பற்றும்?

ஆகவே விதியின் இரண்டாவது வரி: திருட்டு நட்டம் எந்த ஊழியரின் சம்பளத்திலும் பிடிக்கப்படாது, போக விட்டதற்காக யாரும் ஏசப்பட மாட்டார்கள். இந்த வரி இல்லாமல் முதல் வரிக்குப் பெறுமதி இல்லை. களவைக் குறைக்க வேண்டுமா? விலை கூடிய பத்துச் சாமானைத் தெரிந்தெடுத்து, கடை திறக்கும்போதும் மூடும்போதும் எண்ணிக் கையெழுத்து வையுங்கள். கால் மணித்தியால வேலைதான். இரண்டு வாரத்தில் எந்த நேரத்தில் குறைகிறது என்பது தெரிந்துவிடும்.

உங்களுக்கு: இனிப் பையைத் திறக்காதீர்கள். வாசலில் ‘பைகள் சோதிக்கப்படும்’ என்று எழுதி ஒட்டினாலும் அவர் சம்மதிக்காமல் பார்க்கும் உரிமை உங்களுக்கு வராது. பொலிஸ் காவலில் இருக்கும் பெண்ணையே பெண்தான் சோதிக்கலாம், அதுவும் மானம் குறையாமல். ட்ரயல் ரூமுக்குப் போகும்போது எத்தனை உடுப்பு என்று இலக்க அட்டை கொடுங்கள். வரும்போது அவர் முன்னிலையிலேயே எண்ணி வாங்குங்கள். மூன்றுக்கு மேல் ஒரேயடியாக வேண்டாம்.

தெஹிவளை: பத்து வயதுப் பையன் சொக்லேட் எடுத்தான். முழங்காலில் நிறுத்தினோம். தாய் சத்தம் போடுகிறார்.

சத்தம் போட அவருக்குக் காரணம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமே ஆகாது. முன்பக்கத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் கதிரை போட்டு இருத்தி, பெற்றோரை அழையுங்கள். யாரும் வராவிட்டால் சிறுவர் உதவிக்கு 1929. முழங்காலில் நிறுத்திய ஊழியர் தாயிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

செட்டியார் தெரு: மோதிரத்தை மாற்றிவைத்துவிட்டுப் போகிறார்கள். ஆயுதத்தோடு வந்தால் ஷட்டரை இறக்கலாமா?

மேசையில் ஒரு தட்டு, தட்டில் மூன்று உருப்படி. புதிதாக ஒன்று காட்ட ஒன்று உள்ளே போக வேண்டும். திரும்ப வைக்கும் முன் தராசில் போட்டு டேக் நிறையோடு ஒத்துப் பாருங்கள்.

ஷட்டரை ஒருபோதும் இறக்காதீர்கள். ஆயுதக்காரரை ஊழியரோடு சேர்த்து அடைத்துவிடுவீர்கள். கேட்டதைக் கொடுங்கள், கைகள் தெரியட்டும். போன பிறகு கதவைப் பூட்டி, கண்ணாடியைத் தொடாமல் 119. காயம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990.

மருதானை: பொலிஸ் கேட்டபோது கமராப் பதிவு அழிந்திருந்தது.

எட்டுக் கமரா, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றால் தொடர் பதிவு ஏறக்குறைய ஒரு வாரமே நிற்கும். பிறகு தானாக மேலெழுதும். சம்பவம் நடந்த அன்றே, முன்பின் அரை மணித்தியாலத்தையும் சேர்த்து இரண்டு பென் டிரைவில் இறக்குங்கள். கைத்தொலைபேசியால் திரையைப் படம்பிடிப்பது போதாது. இயந்திரத்தின் மணிக்கூடு சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வழக்கென்று வந்தால் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் சட்டப்படி 45 நாளுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். பதிவை இறக்கி வைப்பது எவ்வளவு அவசரம் என்று இப்போது விளங்கும்.

அந்தப் படத்தை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆள் மாறியிருந்தால் நட்டஈட்டு வழக்கு.

ஆட்டுப்பட்டித்தெரு: பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். வைக்கலாமா?

தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால் முழுவதையும் தமிழில் விளக்கச் சொல்லி, சாமானின் பெயர், விலை, நேரம் மூன்றும் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.