நைன் பால்: எத்தனை கேம் விட்டால் சரி?

நைன் பால் என்பது மேசையில் உள்ள மிகச் சிறிய எண் பந்தை முதலில் அடித்து ஆடும் பூல் ஆட்டம்; ஒன்பதாம் பந்தை விழுத்துகிறவருக்குக் கேம். கேம் விடுவது என்றால், கெட்டிக்காரர் மற்றவருக்குச் சில கேம்களை முன்கூட்டியே தருவது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தம்பிமார் இதைப் பற்றிப் பூல் மேசையடியில் கேட்டவை. எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கல்முனைத் தம்பி: மூன்று கேம் ஆடினால் மச்சான் இரண்டு வெல்வான். முதலில் 7 எடுப்பவருக்கு மட்ச். எத்தனை கேம் முன்னால் கேட்கலாம் அண்ணன்?

மூன்று. அவர் 7 எடுக்க வேண்டும், உங்களுக்கு 4 போதும். சும்மா ஆடினால் மட்சை அவர் வெல்லும் வாய்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம். மூன்று விட்ட பிறகும் 56. நான்கு விட்டால் 38, ஆகவே அப்படித் தந்தால் யோசிக்காமல் தலையாட்டுங்கள். பூல் ஆடுகிறவரின் திறமையைப் புள்ளியால் அளக்கும் ஃபார்கோ ரேட்டிங்கில் 100 புள்ளி வித்தியாசம் என்பதும் இதே இரண்டுக்கு ஒன்றுதான்.

காத்தான்குடித் தம்பி: எதிராளி கேம் விடமாட்டாராம், எட்டாம் பந்தைத் தருகிறாராம். வாங்கலாமா?

ஒன்பதோ எட்டோ, எதை விழுத்தினாலும் கேம் உங்களுக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் நாலாம் ஐந்தாம் பந்தோடு தவறவிடுகிறவருக்கு அந்த எட்டு, சுவரில் ஒட்டிய பிரியாணிப் படம். ஒன்பது வரை வந்து கை நடுங்குகிறவருக்குத் தங்கம். எதிராளிக்கும் கடைசியில் இரண்டு பந்தைக் காவல் காக்கும் தலையிடி.

முதலில் ஒன்றைப் பேசி முடியுங்கள்: பொக்கெட்டைச் சொல்லி விழுத்த வேண்டிய எட்டா, எப்படி விழுந்தாலும் சரியா? இரண்டாவதுதான் பெறுமதி கூட. அப்புறம் 20 கேம் பழகிப் பார்த்துத் துண்டில் எழுதுங்கள். எட்டில் வென்ற கேம் எல்லாம் எட்டால் வென்றவை அல்ல. ஒன்பதும் லேசாக நின்றிருந்தால் அந்தக் கேமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அக்கரைப்பற்றுத் தம்பி: பிரேக், அதாவது கேமைத் தொடங்கும் முதல் அடி, முழுக்க எனக்கே என்றால்?

பிரேக்கில் உங்களுக்குப் பந்து விழுகிறதா? இல்லையென்றால் மேசையைத் திறந்து அவர் கையில் கொடுக்கிறீர்கள். வேண்டாம்.

களுவாஞ்சிகுடித் தம்பி: நான்தான் கொஞ்சம் மேல். கேம் விடாமல், மட்சை நீட்டிச் சமாளிக்கலாமா?

கள்ளத்தனமான கேள்வி! நூற்றுக்கு 60 கேம் வெல்பவருக்கு முதலில் 5 எடுக்கும் மட்சில் வாய்ப்பு 73 சதவீதம், முதலில் 9 எடுக்கும் மட்சில் 80. நீட்ட நீட்ட உங்களுக்கே லாபம். விட்டுக்கொடுக்க நினைத்தால் மட்சைச் சுருக்குங்கள்.

மறுபடி கல்முனைத் தம்பி: வேணுமென்றே தோற்று ஹேண்டிகேப்பை (தனக்கு விடும் சலுகையை) கூட்டுகிறவரை எப்படிப் பிடிப்பது?

தவறவிட்ட பந்தைப் பார்க்காதீர்கள், அதை யாரும் நடிக்கலாம். மற்ற அடிகளில் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். வருடக்கணக்காகப் பழகிய பொசிஷனை ஒளிப்பது கஷ்டம்.