பட்டறை கேள்வி–பதில்: அப்பளம் போல் கழன்று வரும் பட்டி

கேள்வி: 9 அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வைக்க டேஷ்போர்டின் நடுப்பகுதியை வெட்டி, ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு, மேலே பாடி பட்டி (மேடுபள்ளம் நிரப்பும் பசை) இழுத்து பெயின்ட் அடித்தேன். உப்புத்தாள் போட்டுத்தான் செய்தேன். இரண்டே மாதத்தில் ஓரத்தில் கோடு விழுந்தது. நகத்தால் நெம்பினால் அப்பளம் மாதிரி மொத்தமாகக் கழன்று வருகிறது. எந்தப் பட்டி வாங்கினால் நிற்கும்?
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: பட்டியை மாற்றிப் பயனில்லை, கோளாறு அடியில் இருக்கிறது. பிளாஸ்டிக் சுத்தமாகத் தெரியும்படி கழன்றால் பிடிப்பே ஏற்படவில்லை என்று பொருள். பாகத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். ஏபிஎஸ் (ABS) என்ற பிளாஸ்டிக் வகையின் பெயர் அச்சிருந்தால் நல்லது. பிபி (PP) என்றோ பிபி-டி20 என்றோ இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், உங்களுடையது பெரும்பாலும் இதுதான். மேட்டை நனைத்து இறுக வைக்கும் ரெசின் பாலியெஸ்டரோ எபாக்ஸியோ, இரண்டுமே இதில் ஒட்டாது.

அச்சு அழிந்திருந்தால், கண்ணில் படாத மூலையில் அசிட்டோன் தொட்ட துணியால் தேயுங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ், அசையாமல் இருந்தால் பிபி. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. டேஷ்போர்டு விஷயத்தில் அது ஏமாற்றும், ஏனென்றால் டால்க் பவுடர் 20 சதவீதம் கலந்த பிபியும் மூழ்கிவிடும்.

ஏபிஎஸ் என்றால் 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மேட் போடலாம். தின்னரால் துடைக்காதீர்கள், ஏபிஎஸ் இளகிவிடும்.

பிபி என்றால் எங்கள் யோசனை: ஒட்டவே வேண்டாம். பிளாஸ்டிக் பிரைமராக விற்கும் அடீஷன் புரமோட்டர் அடித்து, பம்பருக்கான வளையும் பட்டி போட்டால் சின்ன ஓட்டையை அடைக்கலாம். பெரிய ஃபைபர் துண்டைத் தாங்க வைப்பது கஷ்டம். வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்றால், 30 செ.மீ. பிபி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும், ஃபைபர் அதில் பாதி அளவுதான் நீளும். தினமும் இந்த இழுபறி நடந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது ஓரம். நீங்கள் பார்த்த கோடு அதுதான்.

அதனால் ஃபைபரைத் தனிப் பாகமாகவே செய்யுங்கள். டேஷ்போர்டின் மேல் பேக்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அந்த டேப்பும் பிபிதான், ரெசின் அதில் ஒட்டாது. உங்களைக் கவிழ்த்த குணமே இங்கே உதவும். அதன் மேல் 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடை) இரண்டு அடுக்கு போட்டால் சுமார் 2 மி.மீ. கனம் வரும். 30க்கு 20 செ.மீ. அளவுக்கு 54 கிராம் மேட், 130 கிராம் ரெசின் போதும். மறுநாள் கழற்றி, 80 நம்பரில் தேய்த்துப் பட்டி போடுங்கள். ஃபைபர் மேல் பட்டி கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் 3 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். பின்புறமிருந்து நான்கு ஸ்க்ரூவில் மாட்டும்போது ஓட்டைகளை ஒரு மில்லிமீட்டர் தாராளமாக விடுங்கள், பிளாஸ்டிக் நீளவும் சுருங்கவும் இடம் வேண்டும்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் படகுக்கு வாங்கும் ரெசினையே பயன்படுத்தலாமா? நான் கலந்தால் டப்பாவிலேயே கொதித்துக் கட்டியாகிவிடுகிறது.
– கடலூர் வாசகர்

பதில்: தாராளமாக. ஆனால் படகில் கிலோக் கணக்கில் கலக்கும் கையோடு இதற்கு வராதீர்கள். நம்மூர் வெயிலில் 100 கிராம் ரெசினுக்கு 1 மி.லி. கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போதும், ஊசி சிரிஞ்சில் அளந்து விடுங்கள். ஒரு முறைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம், அகலமான தட்டில் கலந்தால் சூடு தேங்காது. ஆக்சிலரேட்டர் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் அதை முதலில் ரெசினில் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட் ஈரம் குடித்திருந்தால் வெள்ளைத் திட்டு விழும். கட்டிவைத்த பையிலிருந்து அன்றன்றைக்கு எடுங்கள். தெர்மோகோலை அச்சாக வைத்தால் இந்த ரெசின் அதைக் கரைத்துவிடும், பியூ (பாலியூரிதேன்) ஃபோம் வாங்குங்கள்.

கேள்வி: பயணி பக்க டேஷ்போர்டு முழுவதையும் ஃபைபரில் மூடலாமா?
– புதுச்சேரி, முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: அங்கே ஏர்பேக் இருந்தால் கூடாது. பை கிழித்து வெளிவருவதற்கான மெல்லிய கோடு பிளாஸ்டிக்கின் அடியில் மறைந்திருக்கும், மேலே தெரியாது. 2 மி.மீ. ஃபைபர் அதைத் தடுக்கும், அல்லது துண்டாகப் பறந்து முகத்தில் அடிக்கும். அந்த மூடியையும் சுற்றுப்புறத்தையும் தொடாமல் நடுப்பகுதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.