அந்தப் பெயரில் கோர்ஸ் தேட வேண்டாம்

கேள்வி: மகன் சேலத்தில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நிலவு, செவ்வாய்க்குப் போகும் ஆளில்லா விண்கலங்களில் சிஸ்டம்ஸ் இன்ஜினியர் ஆகணும் என்கிறான். அதற்குத் தனிப் படிப்பு உண்டா? – ஒரு தாய், அம்மாப்பேட்டை.

பதில்: மெக்கானிக்கலே போதும் அம்மா. இஸ்ரோ ஆள் எடுப்பதே மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று பாடவாரியாகத்தான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், நம்ம விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கியவர். ஒரு வேலையில் கை பழகிய பிறகுதான் எல்லா வேலையையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு வரும்.

அது என்ன பொறுப்பு? 2019-ல் சந்திரயான்-2-ன் லேண்டர் (நிலவில் தரையிறங்கும் கலம்) விக்ரம் நிலவில் மோதியது. அடுத்த லேண்டருக்குக் கால்களை வலுவாக்கினார்கள். கால் கனத்தால் எடை ஏறும். எடை ஏறினால் எரிபொருள் கூடுதலாக வேண்டும். அந்த எரிபொருளுக்கும் எடை உண்டே! கால் செய்பவருக்குக் கால்தான் கவலை, டேங்க் செய்பவருக்கு டேங்க். இந்தச் சங்கிலி முழுவதையும் பிடித்து வைத்திருப்பவர்தான் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 1999-ல் நாசா இழந்த செவ்வாய் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரே சாட்சி. ஒரு குழுவின் மென்பொருள் விசையைப் பவுண்டு கணக்கில் தந்தது, மறு குழு அந்த எண்களை நியூட்டன் என்ற வேறு அலகு என்று எடுத்துக்கொண்டது.

உங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. சந்திரயான்-2 ரோவரை, அதாவது நிலவில் ஓடும் சக்கர வண்டியை, ஓட்டிப் பார்க்க நிலவு மண் மாதிரி தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும், நிலவுப் பாறையை ஒத்த அனார்த்தசைட் பாறையை உடைத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கும் அதில் பங்கு உண்டு. ‘சக்கரம் சுற்றுகிறது, சரி, எந்த மண்ணில்?’ என்று கேட்பதும் இந்த வேலைதான்.

தம்பி இப்போது செய்ய வேண்டியது: அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். இஸ்ரோ தேர்வுக்கு வழக்கமாக 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ கேட்பார்கள். விண்வெளிப் படிப்புதான் வேண்டுமென்றால் பிறகு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதித் திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டியில் எம்.டெக். பார்க்கலாம். அவசரமில்லை.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒரு நோட்டு. எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படிக்கும் நண்பர்களோடு சேர்ந்து சின்ன ரோவர் ஒன்று செய்யட்டும். நோட்டு மட்டும் இவன் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பாகமும் எத்தனை கிராம், எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எந்த ஒயர் எந்த பின்னில், யார் எதை எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் எல்லாம் அதில் வரணும். இன்டர்வியூவுக்குப் போகும்போது சர்டிபிகேட் ஃபைலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.