முதல் படம் எடுப்பவர்களுக்கு: படத்தொகுப்பாளரின் பதில்கள்

கேள்வி: முதல் குறும்படத்துக்கு எந்த கேமரா வாங்கலாம்?

பதில்: வாங்க வேண்டாம், கையில் இருக்கும் செல்போன் போதும். அமெரிக்க இயக்குநர் சீன் பேக்கரின் ‘டேஞ்சரின்’ (2015) ஐபோன் 5எஸ்ஸில் எடுத்த முழுநீளப் படம். மிச்சமாகும் பணத்தை ஒலிப்பதிவுக்கு வையுங்கள்.

கேள்வி: ஒலியைப் பிறகு டப்பிங்கில் சரிசெய்துகொள்ள முடியாதா?

பதில்: டப்பிங்குக்கும் பணம் வேண்டும், நடிகர் மறுபடி வரவேண்டும். படப்பிடிப்பில் வந்த உணர்ச்சி புதுமுகங்களுக்கு ஸ்டுடியோவில் மறுபடி வருவது கஷ்டம். என்னிடம் வரும் முதல் படங்கள் பெரும்பாலும் அடிபடுவது இங்கேதான். காட்சி கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

கேமராவில் இருக்கும் மைக்கை நம்பாதீர்கள். ஃபிரேமுக்குச் சற்று மேலே பூம் மைக் (நீளக் கம்பின் நுனியில் மாட்டிய மைக்), ஒலிக்கென்று தனி ரெக்கார்டர். அதில் ஒலித்தர அமைப்பை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். மின்விசிறி, ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். அப்புறம், ஒவ்வொரு இடத்தைவிட்டுக் கிளம்பும் முன்பும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் ரூம் டோன் எடுங்கள், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தத்தைப் பதிவுசெய்யுங்கள். அது இல்லாவிட்டால், வசனத்தை வெட்டும் இடத்தில் எல்லாம் பின்னணிச் சத்தம் அறுந்து அறுந்து கேட்கும்.

கேள்வி: எனக்குப் பிடித்த இயக்குநரின் சாயல் என் படத்தில் விழுகிறது. தவறா?

பதில்: இல்லை. சத்யஜித் ராய் 1950இல் லண்டனில் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். நிஜமான இடங்களில், அறிமுகமில்லாத முகங்களை வைத்துப் படம் எடுக்க முடியும் என்ற உறுதி அவருக்கு அங்கே கிடைத்தது. 1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’யோ முழுக்க வங்காளக் கிராமம். வேலைமுறையை வாங்கிக்கொண்டார், ஷாட்டுகளை அல்ல. உங்கள் படத்தில் இருப்பது எது என்று பாருங்கள்.

கேள்வி: நண்பர்கள் சம்பளம் இல்லாமல் நடிக்கிறார்கள். ஏதாவது பிரச்சினை வருமா?

பதில்: எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் வரும்.

கேள்வி: நண்பர்களிடம் போய்க் கையெழுத்து கேட்டால் நட்பு கெடாதா?

பதில்: படம் விலைக்குப் போகும் நேரத்தில் கேட்டால்தான் கெடும். வாங்குகிறவர்கள் நடிகர், எழுத்தாளர், இசையமைப்பாளர் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் கேட்பார்கள். அதற்குள் ஒருவரோடு மனஸ்தாபம் வந்திருந்தால் படம் அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: கையெழுத்து இருக்கட்டும், சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவதே சுரண்டல் இல்லையா?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். கேமரா வாடகைக்குப் பணம் இருக்கிறது, நடிகருக்கு மட்டும் இல்லை என்றால் அது சுரண்டல்தான். யாருக்குமே பணம் இல்லை, வந்தால் இன்னின்னாருக்கு இத்தனை பங்கு என்று முதலிலேயே பேசியிருந்தால் அது கூட்டு உழைப்பு. அப்போதும் சாப்பாடும் போக்குவரத்தும் உங்கள் பொறுப்பு.

பணம் கொடுக்க முடியாதவர் நேரத்தையாவது மதிக்க வேண்டும். கிறிஸ்டோபர் நோலனின் ‘ஃபாலோயிங்’ (1998) குழுவில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். வார இறுதிகளில்தான் கூடினார்கள். முன்கூட்டியே நிறைய ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். ஃபிலிம் சுருளும் மிச்சம், நண்பர்களின் பொழுதும் மிச்சம். காலையில் வரச்சொல்லிவிட்டு மாலைவரை உட்கார வைக்கும் இயக்குநர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

கேள்வி: 4கே கேமரா இருந்தால் நல்லதுதானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: லாப நோக்கம் இல்லை. பிரபலமான பாட்டை பத்து விநாடி போடலாமா?

பதில்: கூடாது. பத்து விநாடிக்கு விதிவிலக்கு என்று எந்தச் சலுகையும் கிடையாது. பாட்டுக்கு ஒரு உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். உங்களைப் போலவே தொடங்கும் ஒரு இசையமைப்பாளரைத் தேடுங்கள், அவரிடமும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வருமான வரி, நிறுவனப் பதிவு?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: திரைப்பட விழாவுக்கு அனுப்புவதா, யூடியூபில் போடுவதா?

பதில்: முதலில் விழா. சில விழாக்கள் இணையத்தில் வெளியான படத்தை ஏற்பதில்லை. விதிமுறையைப் படிக்காமல் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

கேள்வி: குறைந்த விலையில் நல்ல கேமரா எது?

பதில்: இதற்கு மேல் கேமரா கேள்விக்குப் பதில் இல்லை. மைக் பற்றிக் கேளுங்கள், விடியும்வரை சொல்கிறேன்.

கேள்வி: படப்பிடிப்பு முடிந்தது. எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கேமராவின் மெமரி கார்டை அழிக்கலாமா?

பதில்: அழிக்காதீர்கள். இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். இரண்டிலும் ஃபைல்களைத் திறந்து, ஒலியோடு ஓட்டிப் பார்த்த பிறகு அழியுங்கள்.